மூன்று இலை, நான்கு இலை... எது மாட்டுக்கு, எது சட்டிக்கு, எது மண்ணுக்கு?

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கும் நேரம். பூந்தமல்லி, திருமழிசை, ஆவடி, அம்பத்தூர் பக்கம் மிச்சமிருக்கும் வயல் வரப்பு, விற்காத மனை, ஏரிக்கரை, மாடித்தோட்டத் தொட்டி என்று எங்கே பார்த்தாலும் தரையோடு தரையாக ஒரு பச்சை படர்ந்திருக்கும். குனிந்து பார்த்தால் சின்னச் சின்ன இலைகள் மூன்று மூன்றாக நிற்கும். ஈரம் தேங்கிய பள்ளத்தில் அதுவே நான்கு நான்காக இருக்கும். செல்போனில் படம் பிடித்து ஏதாவது ஒரு செயலியில் போட்டால், பெரும்பாலும் ‘கிளோவர்’ என்று பதில் வந்துவிடும்.

கேள்விகள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. ‘கிளோவர் சத்தான தீவனமாமே, அறுத்து மாட்டுக்குப் போடலாமா?’ என்று கறவை மாடு வைத்திருப்பவர் கேட்கிறார். ‘இது சர்க்கரைக்கு நல்லது என்கிறார்களே, ஏரியில் பறித்துச் சமைக்கலாமா?’ என்பது வீட்டில் இருப்பவர்களின் கேள்வி. ‘தோப்பு முழுக்கப் பரவிவிட்டது, எந்தக் களைக்கொல்லி அடிக்கட்டும்?’ என்று கேட்பவர்களும் உண்டு. மூன்று பேரும் ஒரே செடியைப் பற்றிப் பேசுவதுபோலத் தோன்றும். பெரும்பாலும் அவை மூன்று வேறு செடிகள். ஒன்று பூக்கவே பூக்காத பெரணி, இன்னொன்று புளிப்புக் கீரை, மூன்றாவது காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து மண்ணுக்குத் தரும் பயறு வகை. ஒன்றுக்குச் சொல்லும் பதிலை மற்றொன்றுக்குப் பொருத்தினால் மாட்டுக்கோ, மனிதருக்கோ, மண்ணுக்கோ சேதம்தான்.

அசல் கிளோவர் இங்கே இல்லை

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தாவரவியலில் கிளோவர் என்றால் ‘டிரைஃபோலியம்’ பேரினம். தமிழ்நாட்டில் அது தானாக வளர்ந்து கிடப்பதைப் பார்க்க ஊட்டி, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த மலைகளுக்குப் போக வேண்டும். அங்கே புல்வெளியில் வெள்ளை உருண்டைப் பூவோடு நிற்கும் வெள்ளைக் கிளோவர்கூட ஐரோப்பாவிலிருந்து வந்ததுதான். பஞ்சாப், ஹரியானா பக்கம் குளிர்காலத் தீவனமாக விதைக்கும் ‘பெர்சீம்’ எகிப்திலிருந்து வந்த கிளோவர். அதற்கு நீண்ட குளிர்காலம் வேண்டும். சென்னைப் பக்கத்து மாசி, பங்குனி வெயிலில் அது நிலைக்காது. யாராவது ‘கிளோவர் விதை, எல்லா மண்ணிலும் வரும்’ என்று பொட்டலம் விற்றால், எந்த கிளோவர் என்று கேட்டுவிட்டுப் பணத்தை எடுப்பது நல்லது.

ஆக, சமவெளியில் நாம் பார்ப்பது கிளோவர் மாதிரி இருப்பவற்றைத்தான். அவற்றில் முக்கியமானவை மூன்று: ஆரை, புளியாரை, சிறுபுள்ளடி. இரவானால் இலையை மடித்துக்கொள்வது மூன்றுக்கும் பொதுவான பழக்கம். அதனால் ‘சாயங்காலம் தூங்குகிறது, ஆகவே இது இன்ன செடி’ என்று முடிவு கட்ட முடியாது.

இலையை வெளிச்சத்தில் பிடியுங்கள்

ஒரு காம்பில் நான்கு இலை, கூட்டல் குறிபோல விரிந்திருந்தால் அது ஆரை. சென்னை, திருவள்ளூர் பக்கம் ஆராக்கீரை என்பார்கள். நீராரை என்றும் பெயர் உண்டு. தண்ணீர் நிற்கும் இடத்தில் இலை மேலே மிதக்கும். தண்ணீர் வடிந்து சேறானால் காம்பு விறைத்து நிமிர்ந்து நிற்கும். இந்த இரண்டு கோலத்தையும் பார்த்து இரண்டு செடி என்று நினைப்பவர்கள் உண்டு, செடி ஒன்றுதான். இலையைச் சூரியனுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் நடுநரம்பு என்று ஒன்று இருக்காது. அடியிலிருந்து நரம்புகள் விசிறிபோலக் கிளைகிளையாகப் பிரிந்து ஓரம் வரை போகும். புதிதாக வரும் தளிர் கடிகாரச் சுருள்போலச் சுருண்டிருக்கும். இரண்டுமே பெரணிக்குரிய அடையாளங்கள். எத்தனை மாதம் காத்திருந்தாலும் இதில் பூ வராது.

மூன்று இலை, ஒவ்வொன்றும் நுனியில் நன்றாகப் பிளந்து இதய வடிவில் இருக்கிறது, மூன்றும் காம்பின் உச்சியில் ஒரே புள்ளியில் சேர்கின்றன என்றால் அது புளியாரை. பூ மஞ்சள் நிறம், ஐந்து இதழ். காய் குட்டி வெண்டைக்காய் மாதிரி ஐந்து பட்டையோடு விறைத்து நிற்கும். முற்றிய காயை விரலால் தொட்டால் படபடவென்று விதை தெறிக்கும். நாற்றுப்பண்ணையிலிருந்து வாங்கி வரும் தொட்டியில் ஒரு செடி ஒளிந்திருந்தால் போதும், ஒரே பருவத்தில் மாடித்தோட்டம் முழுக்க இது பரவியிருப்பதற்குக் காரணம் இந்தத் தெறிப்புதான். ஊதா கலந்த இளஞ்சிவப்புப் பூவோடு, மண்ணுக்குள் சின்னச் சின்னக் கிழங்கு வைத்து வளரும் பெரிய இலைப் புளியாரையும் தோட்டங்களில் தென்படும். அது வெளிநாட்டிலிருந்து வந்த உறவுக்காரச் செடி. இலையை மட்டும் பிடுங்கினால் போகாது, கிழங்கோடு தோண்ட வேண்டும்.

மூன்றாவது சிறுபுள்ளடி. புள் என்றால் பறவை. அதன் காலடி மாதிரி இருக்கும் இலை என்று பெயர் வைத்தவர் நன்றாகக் குனிந்து பார்த்திருக்கிறார். இதிலும் மூன்று இலைதான், நுனியில் லேசான பள்ளமும் உண்டு. ஆனால் ஒவ்வோர் இலையும் அரை சென்டிமீட்டர் முதல் ஒரு சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும். முக்கியமான வித்தியாசம் நடு இலையில் இருக்கிறது. பக்கத்து இரண்டு இலைகளும் ஜோடியாக ஓரிடத்தில் நிற்க, நடு இலை மட்டும் சிறு காம்பு வைத்துக் கொஞ்சம் தள்ளி நிற்கும். துவரை இலையையும் காராமணி இலையையும் எடுத்துப் பாருங்கள், அதே அமைப்பு. பயறு வகை என்பதற்கான கையெழுத்து அது. புளியாரையில் நடு இலை ஒருநாளும் இப்படித் தள்ளி நிற்காது. கண் மங்கியவர்கள் செல்போன் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

சிறுபுள்ளடியின் பூ இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த குட்டி அவரைப் பூ. இலைக் கக்கத்தில் ஒன்றிரண்டாக, அதிகம் போனால் மூன்றாக வரும். காய் தட்டையாக, ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் பல் பல்லாகவும், மூன்று நான்கு கண்ணிகளாக இருக்கும். வரப்பில் நடந்து வந்த பிறகு வேட்டி ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னச் சின்னத் துணுக்குகளில் பாதி இதுதான். சந்தேகம் தீராவிட்டால் வேரைப் பாருங்கள். இழுத்துப் பிடுங்கக் கூடாது, வேர்முடிச்சு மண்ணிலேயே நின்றுவிடும். மழை பெய்த மறுநாள் கைக்கொத்தால் மண்ணோடு தூக்கி, தண்ணீரில் மெதுவாக அலச வேண்டும். கடுகு அளவு உருண்டைகள் வேரில் ஒட்டியிருக்கும். ஒன்றை நகத்தால் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அந்த நிறம் இருந்தால் ரைசோபியம் பாக்டீரியா வேலை செய்கிறது, தழைச்சத்து சேர்கிறது என்று பொருள். ஆரையிலும் புளியாரையிலும் எவ்வளவு தேடினாலும் இந்த முடிச்சு இருக்காது.

இன்னும் இரண்டு ஆள்மாறாட்டக்காரர்கள்

சிறுபுள்ளடி கிடக்கும் அதே தரிசில் ‘அலிசிகார்பஸ்’ என்று ஒரு செடி படரும். இலை மூன்றாக இருக்காது, ஒற்றையாக நீள்வட்டமாக இருக்கும். காய் தட்டையாக இல்லாமல் உருண்டு, மணி கோத்ததுபோல இருக்கும். இதுவும் பயறு வகைதான், ஆடு விரும்பித் தின்னும். நம் ஊரில் பெயர் சொல்லக்கூட ஆளில்லாத இந்தச் செடியை அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ‘ஆலிஸ் கிளோவர்’ என்று பெயர் சூட்டித் தீவனத்துக்காக விதைக்கிறார்கள். அலிசிகார்பஸ் என்பதைச் சுருக்கித்தான் ஆலிஸ். நம் வரப்பில் களை, அங்கே விதை மூட்டையில் காசு!

மற்றது செப்பு நெருஞ்சில். இதுவும் தரையோடு பாய் விரித்ததுபோலப் படரும், பூ செம்பு கலந்த சிவப்பு. தூரத்தில் பார்த்தால் சிறுபுள்ளடி மாதிரியே இருக்கும். இலையை எண்ணினால் குட்டு உடையும். ஒரு காம்பில் ஐந்து முதல் ஒன்பது சிற்றிலைகள், அதுவும் மாற்றி மாற்றி அமைந்திருக்கும். ‘இண்டிகோஃபெரா லின்னேயி’ என்ற இதே செடிதான் ஆஸ்திரேலியாவில் குதிரைகளுக்கு ‘பேர்ட்ஸ்வில் நோய்’ வரக் காரணம். இதிலுள்ள ‘இண்டோஸ்பிசின்’ என்ற நச்சு குதிரையின் இறைச்சியிலும் தங்கி, அதைத் தின்ற நாய்கள்வரை பாதித்த கதை அங்கே உண்டு. மேய்ச்சலில் மாடு நான்கு வாய் கடித்துவிட்டுப் போவதைப் பற்றிப் பதற வேண்டியதில்லை. கட்டுக்கட்டாக அறுத்து வந்து இதை மட்டுமே போடுவதுதான் கூடாது.

சிறுபுள்ளடியை ஏன் அழிக்கிறோம்?

இந்த மூன்றில் விவசாயிக்குக் கைமேல் லாபம் தருவது சிறுபுள்ளடி. ஆனால் அதிகம் அடி வாங்குவதும் அதுதான். மா, தென்னை, கொய்யாத் தோப்பில் ‘தரை சுத்தமாக இருக்க வேண்டும்’ என்று வருடத்துக்கு இரண்டு முறை கிளைஃபோசேட் அடிப்பவர்கள், சம்பளம் கேட்காத உரத்தொழிலாளியைத் துரத்திவிட்டு, உரக்கடையில் யூரியாவுக்கு வரிசையில் நிற்கிறார்கள். சிறுபுள்ளடி முழங்கால் உயரம்கூட வளராது. மரத்தோடு வெளிச்சத்துக்குப் போட்டி போடாது. கணுவுக்குக் கணு வேர் விட்டு மண்ணை இறுகப் பிடிப்பதால், ஐப்பசி அடைமழையில் மேல்மண் ஓடாது. மிதித்தாலும் மேய்ந்தாலும் மறுபடி தழைக்கும். மரத்தைச் சுற்றி உரம் வைக்கும் வட்டத்தை மட்டும் கொத்திவிட்டு, மற்ற இடத்தில் புல் உயர்ந்தால் புல்வெட்டும் கருவியால் மேலாக ஓட்டிவிட்டால் போதும். புல்லின் நிழல் விலகியதும் சிறுபுள்ளடி தானாகப் பரவும்.

கீரைப் பாத்தியிலும் மல்லிகைச் செடியின் தூரிலும் அதே செடி களைதான், எடுத்துவிடலாம். இடத்தைப் பொறுத்துத்தான் களை என்ற பட்டமே.

தீவனமாக எப்படி? சத்து உண்டு, மாடும் ஆடும் விரும்பும். குதிரைமசால், பெர்சீம் போன்றவற்றைப் பசியோடு அதிகமாகத் தின்றால் வயிறு உப்பிப் போகும் ஆபத்து உண்டல்லவா? டெஸ்மோடியம் கூட்டத்துச் செடிகளில் டானின் இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும்: இது மேய்ச்சல் செடி, அறுத்துப் போடும் அளவுக்கு விளைச்சல் கிடையாது. ஒரு கூடை நிரப்ப அரை நாள் குனிந்திருக்க வேண்டும். கட்டுத்தறியில் மாடு வைத்திருப்பவர்கள் பயறு வகைத் தீவனம் வேண்டுமென்றால் வேலிமசால், முயல்மசால் பக்கம் போவதுதான் சரி. கம்பு நேப்பியர் போட்டிருக்கும் நிலத்தில் ஓரமாக நான்கு வரிசை வேலிமசால் இருந்தாலே தீவனத்தின் தரம் மாறிவிடும். இந்த இரண்டின் விதைத்தோலும் கடினமானது. கொதித்த தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கி, சற்றே சூடு தணிந்ததும், அதாவது சுமார் 80 டிகிரி செல்சியஸில், விதையை நான்கு நிமிடம் போட்டு எடுத்து, பிறகு இரவு முழுக்கக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து விதைத்தால் முளைப்பு நன்றாக வரும். அப்படியே தூவிவிட்டு ‘விதை சரியில்லை’ என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதில் பயனில்லை.

இந்தக் கூட்டத்துச் செடிகளின் மதிப்பைத் தெரிந்துகொள்ள கென்யாவைப் பார்க்கலாம். அங்குள்ள ‘இசிபே’ பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தினர் மக்காச்சோள வரிசைகளுக்கு நடுவே டெஸ்மோடியத்தையும், வயலைச் சுற்றி நேப்பியர் புல்லையும் நடச் சொன்னார்கள். டெஸ்மோடியத்தின் வாடை தண்டுத்துளைப்பானின் தாய் அந்துப்பூச்சியை விரட்டுகிறது, ஓரத்து நேப்பியர் அதைத் தன் பக்கம் இழுக்கிறது. டெஸ்மோடியத்தின் வேர் விடும் பொருட்கள் ‘ஸ்ட்ரைகா’ என்ற சுடுமல்லி ஒட்டுண்ணிக் களையையும் ஒடுக்குகின்றன. அது வேறு டெஸ்மோடியம், நம் சிறுபுள்ளடி அதையெல்லாம் செய்யும் என்று யாரும் நிரூபித்துவிடவில்லை. குடும்பம் நல்ல குடும்பம் என்பதற்காகச் சொல்வது.

புளியாரை: பித்தளை சொல்லும் சாட்சி

புளியாரைக்கு ஒரு சமையலறைச் சோதனை இருக்கிறது. ஒரு பிடி இலையைக் கசக்கி, கறுத்துப்போன பித்தளைச் சொம்பில் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும். புளி போட்டுத் துலக்குவதற்கு முன்பே கிராமத்தில் தெரிந்த வித்தை இது. இலையில் உள்ள ஆக்சாலிக் அமிலத்தின் வேலை. ஆரையோ சிறுபுள்ளடியோ இப்படித் துலக்காது.

அந்த அமிலம்தான் இதன் ருசி, இதன் ஆபத்தும் அதுவே. துவையல், பச்சடி, பருப்போடு கடைசல் என்று எப்போதாவது சேர்த்துக்கொள்வதில் ஆரோக்கியமானவர்களுக்குச் சிக்கல் இல்லை. சிறுநீரகக் கல் வந்தவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் ஒதுக்கிவிட வேண்டும். வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டால் அமிலம் ஓரளவு குறையும். ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரத்தில் மட்டும் சமைக்கக் கூடாது. சொம்பைத் துலக்கும் அமிலம் சட்டியையும் அரிக்கும், அரித்தது குழம்பில் கலக்கும்.

மாடு, ஆடு விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. அசைபோடும் பிராணிகளின் முதல் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிச் செரித்துக்கொள்ளும். ஆகவே மேய்ச்சலில் புல்லோடு கலந்து தின்பது பிரச்சினை ஆவதில்லை. பட்டினியாக இருக்கும் ஆட்டைப் புளியாரை மண்டிய இடத்தில் கட்டிப்போட்டால்தான் விபரீதம். ரத்தத்திலுள்ள சுண்ணாம்புச் சத்தை ஆக்சலேட் பிடித்துக்கொள்ள, ஆடு நடுங்கும், தள்ளாடும், படுத்துவிடும். ஆஸ்திரேலியாவில் ‘சவர்சாப்’ என்று அழைக்கப்படும் இன்னொரு புளியாரை இனம் மண்டிய நிலங்களில் செம்மறிகள் இப்படிப் பாதிக்கப்பட்டிருக்கின்றன. களை பறித்த கூடையை அப்படியே கட்டுத்தறியில் கொட்டும் பழக்கம் உள்ளவர்கள், குறிப்பாகப் புதிதாகக் கன்று ஈன்ற கறவை வைத்திருப்பவர்கள், கூடையில் என்ன இருக்கிறது என்று ஒரு முறை கிளறிப் பார்ப்பது நல்லது.

ஆரை: செடி சரி, ஏரி சரியா?

ஆரைக்கீரை விஷயத்தில்தான் இந்த வட்டாரத்துக்கென்று தனிக் கவலை இருக்கிறது. நீர்வேட்கை, அதிகமாகச் சிறுநீர் போவது போன்றவற்றுக்குச் சித்த மருத்துவத்தில் சொல்லப்படும் கீரை இது. பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைத்தால் ருசியும் குறையில்லை. அதனால் ஏரிக்கரையில் பறித்து வருவது இன்றும் நடக்கிறது. அடையாளம் காண்பதிலும் சிரமமில்லை, நான்கு இலை பார்த்தால் முடிந்தது.

ஆனால் அடையாளம் சரியாக இருப்பதாலேயே கீரை நல்லதாகிவிடாது. ஆரை தான் வளரும் நீரிலும் சேற்றிலும் உள்ள காட்மியம், குரோமியம் போன்ற கன உலோகங்களை உறிஞ்சித் தன் உடம்பில் சேர்த்துக்கொள்ளும் செடி. அழுக்கு நீரைச் சுத்தம் செய்யப் பயன்படுமா என்று ஆராய்ச்சியாளர்கள் இதை வளர்த்துப் பார்த்திருப்பதே அதனால்தான். அப்படி உள்ளே போன உலோகத்தைப் பத்துத் தண்ணீரில் அலசினாலும் எடுக்க முடியாது, வேகவைத்தாலும் போகாது. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1960-களில் வந்தது. அதைச் சுற்றி ஊர் பெருத்த வேகத்துக்குக் கழிவுநீர்க் குழாய்கள் ஈடுகொடுக்கவில்லை. கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பது தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போன விவகாரம். அப்படிப்பட்ட ஏரிகளின் வரத்துக்கால்வாய் ஓரத்தில் கொழுகொழுவென்று நிற்கும் ஆரையைப் பார்த்து ‘எவ்வளவு செழிப்பு’ என்று மடியில் கட்டிக்கொள்வதைவிட, பறிக்காமல் விட்டுவிட்டு வருவதே மேல்.

வேண்டும் என்பவர்களுக்கு எளிய வழி இருக்கிறது. பழைய பிளாஸ்டிக் தொட்டியோ சிமென்ட் தொட்டியோ போதும். நாலைந்து அங்குலம் வயல் மண், அதன் மேல் இரண்டு அங்குலம் கிணற்றுத் தண்ணீர். நல்ல இடத்திலிருந்து ஒரு சாண் ஓடுதண்டு கொண்டு வந்து சேற்றில் அழுத்திவிட்டால், ஒரு மாதத்தில் தொட்டி மூடிவிடும். கொசு வராமலிருக்க இரண்டு கப்பி மீன் விடலாம். கீரையை எப்போதும் வேகவைத்துச் சாப்பிட வேண்டும். பச்சையாக அரைத்துச் சாறாக்கித் தினமும் குடிப்பது வேண்டாம்.

அதற்குக் காரணமாக ஒரு பழைய கதை உண்டு. 1861-ல் ஆஸ்திரேலியாவின் உட்பகுதியைக் கடந்து திரும்பிய பர்க், வில்ஸ் என்ற இரு பயணிகள் கூப்பர் ஓடைக் கரையில் உணவின்றிச் சிக்கிக்கொண்டார்கள். அங்கே ‘நார்டூ’ என்ற ஆரையின் விதை போன்ற காய்களை மாவாக்கித் தின்றார்கள். வயிறு நிறையத் தின்றும் நாளுக்கு நாள் மெலிந்து, கால் தள்ளாடி, இருவரும் இறந்தார்கள். உடன் இருந்த கிங் என்பவரை அந்த மண்ணின் யாண்ட்ருவாந்தா மக்கள் காப்பாற்றினார்கள். நார்டூவில் ‘தயமினேஸ்’ என்ற நொதி நிறைய இருக்கிறது, அது வைட்டமின் பி-1ஐ அழித்துவிடும், அவர்களைக் கொன்றது பெரிபெரி நோயாக இருக்கலாம் என்று 1994-ல் ‘நேச்சர்’ இதழில் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். அதே நார்டூவை அளவுக்கு மீறி மேய்ந்த செம்மறிகளும் அங்கே மூளை பாதித்துச் செத்திருக்கின்றன. அது ‘மார்சீலியா டிரம்மாண்டி’, நம்முடையது வேறு இனம். பேரினம் ஒன்று என்பதால் வேகவைத்து உண்ணும் நம் வழக்கத்தை விடாமலிருப்பதே புத்திசாலித்தனம்.

நம்முடையது என்ன இனம்? பல புத்தகங்களில் ‘மார்சீலியா குவாட்ரிஃபோலியா’ என்று அச்சாகியிருக்கும். தமிழ்நாட்டுச் சமவெளியில் கிடைப்பது பெரும்பாலும் ‘மார்சீலியா மினூட்டா’. காம்பின் அடியில் கருப்பாக, உளுந்து போன்ற உருண்டைகள் கூட்டமாக ஒட்டியிருந்தால் அது மினூட்டா. மற்றதில் அவை கொஞ்சம் மேலே, கிளைத்த காம்பில் ஒன்றிரண்டாக நிற்கும். சமையலுக்கு இந்த வித்தியாசம் பெரிதில்லை. ஆனால் அந்த உருண்டைக்குள்தான் செடியின் ஆயுள் இருக்கிறது. ஏரி வறண்டு வெடித்தாலும் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். 2019 கோடையில் செம்பரம்பாக்கம் ஏரி தரை தெரிய வறண்டதே, அப்படிப்பட்ட வறட்சிக்குப் பிறகும் தண்ணீர் வந்ததும் ஆரை தலைகாட்டுவது இதனால்தான். ஓர் உருண்டையை ஊசியால் கீறித் தண்ணீரில் போட்டு வையுங்கள். சிறிது நேரத்தில் பசைபோன்ற வளையம் ஒன்று புழுவாக நெளிந்து வெளியே வரும். வீட்டுப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய வேடிக்கை.

நவரை நெல் போட்டவர்களுக்கு இது வேடிக்கை இல்லை. வயலில் ஆரை புகுந்தால் ஓடுதண்டின் ஒவ்வொரு கணுவும் ஒரு செடி. கோனோவீடர் ஓட்டி அறுத்துப் போட்டால் அறுந்த துண்டெல்லாம் வேர் பிடிக்கும். அதனால் கையால் களை எடுக்கும்போது ஓடுதண்டை நீளமாக உருவி, வரப்புக்கு வெளியே கொண்டுபோய் வெயிலில் காயவிட வேண்டும். புல் வகைக் களைக்கு மட்டுமான மருந்தை அடித்துவிட்டு ‘ஆரை சாகவில்லை’ என்று வருத்தப்படுவதில் அர்த்தமில்லை, அது புல்லே கிடையாது. மெட்சல்ஃப்யூரான் மீத்தைல், குளோரிமியூரான் ஈத்தைல் கலந்த மருந்து ஆரைக்குக் கேட்கும். அளவையும் நாளையும் வேளாண்மை அலுவலரிடம் கேட்டுக்கொண்டு அடிக்க வேண்டும். பக்கத்து உளுந்து, கத்தரி, கீரைப் பாத்தியில் சாரல் பட்டால் அவையும் கருகும். மருந்து அடித்த வயலில் அந்தப் பருவத்தில் ஆரையை யாரும் கீரைக்குப் பறிக்கக் கூடாது. களை எடுக்க வரும் பெண்கள் மடி நிறைய ஆராக்கீரை கொண்டுபோவது வழக்கம் என்பதால், அடித்த விஷயத்தை முன்கூட்டியே அவர்களிடம் சொல்லிவிட வேண்டியது நிலத்துக்காரரின் கடமை.

இவ்வளவு பார்த்தும் சந்தேகம் தீரவில்லையா? இலையை மட்டும் கிள்ளிப் படம் எடுத்து அனுப்பினால் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பூவோ காயோ வேரோடு சேர்ந்த முழுச்செடியாக இரண்டு எடுத்து, மண்ணை அலசி, பழைய செய்தித்தாளுக்கு நடுவே விரித்து, மேலே கனமான புத்தகம் வையுங்கள். தினமும் தாளை மாற்றினால் நான்கைந்து நாளில் காய்ந்துவிடும். ஆரையாக இருந்தால் அடியிலுள்ள கறுப்பு உருண்டையோடு எடுக்க வேண்டும். எந்த ஊர், என்ன நிலம், தண்ணீர் நின்ற இடமா, பூ என்ன நிறம் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வையுங்கள், காய்ந்த பிறகு பூவின் நிறம் மாறிவிடும். திருவள்ளூர் மாவட்டத்துக்காரர்களுக்குத் திரூரில் நெல் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. அதற்கும் மேலே போக வேண்டுமானால் கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்தில் ‘மெட்ராஸ் ஹெர்பேரியம்’ உண்டு. அங்கே சிறுபுள்ளடியின் தாளில் ‘டெஸ்மோடியம் ட்ரைஃப்ளோரம்’ என்ற பெயருக்குப் பதிலாக ‘குரோனா ட்ரைஃப்ளோரா’ என்று இருந்தால் குழம்ப வேண்டாம். 2018-ல் தாவரவியலாளர்கள் அதற்கு வைத்த புதுப் பெயர் அது, செடி பழைய செடிதான்.